துக்க வீட்டில் எதை வாசிப்பது? புலம்பல், யோபு, சங்கீதம் 88 பற்றி ஆலோசனை தேவை

ஜெபக்குழு_தூத்துக்குடி:

துக்கம் கண்ட குடும்பங்களுக்காக ஆறு வாரம், வாரம் ஒரு மணி நேரம் என்று ஒரு வேதபாடம் தயார் செய்கிறோம். ஒரு வீட்டில் பச்சைக் குழந்தை, ஒரு வீட்டில் விபத்தில் போன இளைஞன், ஒரு வீட்டில் நீண்ட நாள் புற்றுநோய். வழக்கமாக இப்படிப்பட்ட வீடுகளில் வாசிப்பது சங்கீதம் 23, யோவான் 14, அப்புறம் ரோமர் 8:28. இவை தவறென்று சொல்லவில்லை. ஆனால் வாசித்து முடித்ததும் வீட்டார் முகம் இன்னும் இறுகிப்போகிறது. சிலர் அடுத்த கூட்டத்துக்கே வருவதில்லை.

கேட்க வேண்டியவை:

1. புலம்பல், யோபு, சங்கீதங்களில் எந்தப் பகுதியை எடுப்பது, எந்த வரிசையில்?
2. தேவனிடம் "ஏன்" என்று கேட்பது வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்த பாவத்தோடு சேருமா? எங்கள் மூப்பர் ஒருவர் அப்படித்தான் சொல்கிறார்.
3. துக்க வீட்டில் சொல்லவே கூடாத வசனங்கள் உண்டா?
4. ஒப்பாரி வைப்பதை நிறுத்தச் சொல்வது வேதப்படி சரியா?

எபிரெயம்_கற்பவன்:

இரண்டாவது கேள்வியை முதலில் முடிப்போம். அது முடியாமல் மற்ற எதையும் நடத்த விடமாட்டார்கள்.

உங்கள் மூப்பரோடு உட்கார்ந்து எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை மட்டும் வாசியுங்கள். ஒரே அதிகாரத்தில் இரண்டு முறையீடு இருக்கிறது. ஜனங்கள் முறையிட்டதும் பாளயத்தின் ஓரத்தில் அக்கினி பற்றுகிறது, கடைசியில் வாதையும் வருகிறது. நடுவில், 11 முதல் 15 வரை, மோசே பேசுவது அதைவிடக் கடுமையானது: இந்த ஜனத்தை நானா கர்ப்பந்தரித்தேன், என்னை இப்படி நடத்துவதானால் இப்போதே கொன்றுபோடும் என்கிறான். அவனுக்கு அக்கினி வரவில்லை, பாரத்தைப் பங்குபோட 70 மூப்பர்கள் வந்தார்கள். என்ன வித்தியாசம்? ஜனங்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள், எகிப்துக்குத் திரும்பப் பார்த்தார்கள். மோசே தேவனிடமே பேசினான், அவன் எங்கும் போகவில்லை. முறுமுறுப்பு முதுகுக்குப் பின்னால் பேசுவது, புலம்பல் முகத்துக்கு நேரே பேசுவது. சத்தத்தையோ வார்த்தையின் காரத்தையோ வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. ஆரம்பிக்கிறவர்களுக்குச் சங்கீதம் 13தான் சரி, மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வரும். அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. அழைப்பு, முறையீடு, வேண்டுதல், நம்பிக்கை என்ற நான்கு உறுப்பும் சின்ன அளவில் முழுமையாக இருப்பதால் பாடமாக எடுக்கச் சுலபம்.

ஆனால் அத்தோடு நிறுத்தினால் தவறான பாடம் பதிந்துவிடும்: எல்லாப் புலம்பலும் கடைசியில் ஸ்தோத்திரத்தில்தான் முடிய வேண்டும் என்று. அதனால்தான் சங்கீதம் 88 அவசியம். 18 வசனம், எஸ்ராகியனாகிய ஏமான் பெயரில் இருப்பது. இதில் திருப்பம் கிடையாது. எபிரெயத்தில் கடைசிச் சொல்லே "இருள்". நம் பழைய மொழிபெயர்ப்பில் கடைசி வரி "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிவதால் அந்த இருட்டு தமிழில் தெரியாமல் போய்விடுகிறது. நடத்துகிறவர் வாயால் சொல்ல வேண்டும். ஆனால் இன்னொன்றையும் காட்டுங்கள். இந்த ஆள் ஜெபிப்பதை நிறுத்தவேயில்லை. 1ஆம் வசனத்தில் இரவும் பகலும், 9இல் தினமும், 13இல் காலையில். பதில் வந்ததாக ஒரு எழுத்துகூட இல்லை. அப்படிப்பட்ட ஒரு பாட்டை ஆலயத்தில் பாடச் சேர்த்துவைத்தார்கள்.

புலம்பல் புத்தகத்துக்கு வருகிறேன். இது கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகான ஐந்து பாட்டு. எபிரெயத்தில் முதல் சொல்லான "எக்கா"தான் புத்தகத்தின் பெயர்; "எப்படி!" என்ற அலறல் அது. தமிழில் "ஐயோ!" என்று தொடங்கினார்கள், அருமையான முடிவு. 1, 2, 4, 5 அதிகாரங்களில் 22 வசனம், 3இல் 66. எபிரெய எழுத்து 22 என்பதால் வந்த கணக்கு இது. முதல் நான்கு அதிகாரங்களும் அகரவரிசையில் நடக்கின்றன, ஆத்திசூடி போல. மூன்றாவதில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வசனம். ஐந்தாவதில் எண்ணிக்கை 22ஆகவே இருக்கிறது, எழுத்து வரிசை மட்டும் கைவிடப்படுகிறது. அழுது அழுது ஒழுங்கு தளர்ந்துபோன மாதிரி என்பது என் வாசிப்பு; வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு.

முக்கியமானது: "காலைதோறும் புதியவைகள்" என்ற 3:22-23 புத்தகத்தின் நடுவில் இருக்கிறது, முடிவில் இல்லை. அதைத் தாண்டி இருபது வசனம் போனால் "தேவரீர் மன்னிக்கவில்லை" என்றும், ஜெபம் நுழையாதபடி உம்மை மேகத்தால் மூடிக்கொண்டீர் என்றும் 3:42-44 சொல்கிறது. புத்தகமே 5:22இல் தேவன் இன்னும் கோபமாயிருக்கிறாரே என்ற ஏக்கத்தில்தான் முடிகிறது. ஆகவே 3:22ஐக் கத்தரித்து எடுத்துக் காலண்டரில் ஒட்டினால் வசனம் பொய்யாகாது, ஆனால் அது யார் வாயிலிருந்து, எப்போது வந்தது என்பது தொலைந்துவிடும்.

எச்சரிக்கை இரண்டு. புலம்பல் ஒரு தேசத்தின் பாவத்தோடு பேரழிவை இணைத்துப் பேசுகிறது (1:8, 1:18). குழந்தையை இழந்த தாயிடம் இதை முன்னுரை இல்லாமல் வாசித்தால் "என் பாவத்தால்தானா" என்றுதான் கேட்கும். லூக்கா 13:4இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றியும், யோவான் 9:3இல் பிறவிக் குருடனைப் பற்றியும் இயேசு சொன்னதைப் பக்கத்திலேயே வையுங்கள். அடுத்தது, 2:11-12, 2:20, 4:10 ஆகிய இடங்களில் பசியில் சாகும் குழந்தைகளைப் பற்றிப் படிக்கவே முடியாத வரிகள் உண்டு. உங்கள் குழுவில் அவற்றைச் சத்தமாக வாசிக்கவே வேண்டாம். 1ஆம் அதிகாரமும் 3:1-33ம் போதும்.

சாம்பல்மேடு:

யோபுவை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது கேள்விக்குப் பதிலும் பாதி இங்கேயே இருக்கிறது.

42 அதிகாரமும் நடத்தப் போகாதீர்கள், குழு கலைந்துவிடும். 1:1 முதல் 3:26 வரை ஒரு வாரம், 42:7-17 வேறொரு வாரம், நடுவில் என்ன நடக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று சுற்றுப் பேசுகிறார்கள். மூன்றாவது சுற்றில் பில்தாத்தின் பேச்சு வெறும் ஆறு வசனம் (25ஆம் அதிகாரம்), சோப்பாருக்கு மூன்றாவது பேச்சே இல்லை. சரக்கு தீர்ந்துவிட்டது. அப்புறம் எலிகூ என்ற இளைஞன் ஆறு அதிகாரம், அப்புறம் 38 தொடங்கிக் கர்த்தர்.

நண்பர்கள் சரியாகச் செய்தது ஒன்றே ஒன்று: 2:13. ஏழு நாள், இராப்பகல், ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. கர்த்தர் 42:7இல் "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று தீர்ப்பே சொல்கிறார்; ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா பலி கொடுக்கச் சொல்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் பிறந்த நாளையே சபித்த யோபுதான் சரியாகப் பேசினவன் என்கிறார்.

இப்போது நம் சபைகளின் வாக்குத்தத்த அட்டைகளைப் பாருங்கள். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்", யோபு 8:7. புத்தாண்டுக்கு எத்தனை வீட்டுச் சுவரில் ஏறுகிறது! சொன்னவன் பில்தாத். அதற்கு மூன்று வசனம் முன்னால், 8:4இல், பத்துப் பிள்ளைகளைப் புதைத்த அப்பனிடம் உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் போனார்கள் என்ற பொருளில் பேசியவனும் அவன்தான். "ஆறு இக்கட்டுகளுக்கு" என்று தொடங்கும் 5:19ம், "அவரோடே பழகி சமாதானமாயிரும்" என்ற 22:21ம் எலிப்பாஸ் வாக்கு. வசனத்தை எடுக்கும்போது யார் பேசுகிறார் என்று அதிகாரத்தின் முதல் வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துக்க வீட்டில் தவிர்க்க வேண்டியவை என்றால் என் பட்டியல் குறுகியது.

யோபு 1:21, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்". இது இழந்தவன் தன் வாயால் சொன்னது. வந்தவர் சொல்வதற்கல்ல. வீட்டார் தாங்களாகச் சொன்னால் ஆமென் சொல்லுங்கள்.

1 கொரிந்தியர் 10:13, "உங்கள் திராணிக்கு மேலாக". அங்கே பேச்சு பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றி. துயரத்தைப் பற்றி அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8இல், தங்கள் பலத்துக்கு மிஞ்சிய பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று எழுதுகிறார். தாங்க முடியாததைத் தேவன் தரமாட்டார் என்று சொல்கிறவர்கள் இந்த வசனத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

ரோமர் 8:28. தனியாக எடுக்கவே கூடாது. 22ஆம் வசனத்தில் சிருஷ்டி தவிக்கிறது, 23இல் நாம் தவிக்கிறோம், 26இல் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுகிறார். மூன்று பெருமூச்சுக்குப் பிறகுதான் 28 வருகிறது. "நன்மை" என்றால் என்ன என்பதையும் 29 சொல்லிவிடுகிறது: குமாரனுடைய சாயல். இன்னொரு பிள்ளையோ நல்ல வேலையோ அதன் பொருளல்ல.

2 சாமுவேல் 12, குழந்தை செத்ததும் தாவீது எழுந்து குளித்துச் சாப்பிட்டது. "தாவீதைப் போல எழுந்திருங்கள்" என்று இதைச் சொல்லி அழுகையை நிறுத்தப் பார்ப்பார்கள். அதே தாவீது 18:33இல் அப்சலோமுக்காக மாடியறைக்கு ஏறிப்போகும்போது "என் மகனே" என்று எபிரெயத்தில் ஐந்து முறை கதறுகிறான். ஒரே மனுஷன், இரண்டு பிள்ளை, இரண்டு துக்கம். ஒன்றை மட்டும் அளவுகோலாக்க முடியாது.

ஆறுதல்பணி:

மேலே இருவரும் பாடத்தைச் சொல்லிவிட்டார்கள். அறையை நடத்துவது பற்றி நான் எழுதுகிறேன். நல்ல பாடமும் கெட்டுப்போவது அங்கேதான்.

ஆள் எண்ணிக்கை ஆறிலிருந்து எட்டு. அதற்கு மேல் போனால் பேசாதவர் பேசாமலேயே போய்விடுவார். நடத்த இருவர் தேவை: ஒருவர் பாடத்துக்கு, மற்றவர் யாராவது எழுந்து வெளியே போனால் பின்னால் போய் வராந்தாவில் சும்மா நிற்க. அடக்கம் முடிந்த சில நாட்களிலேயே யாரையும் இதற்கு அழைக்காதீர்கள். மோசேக்கும் ஆரோனுக்கும் இஸ்ரவேலர் 30 நாள் துக்கம் காத்தார்கள். முப்பதாம் நாளோ நாற்பதாம் நாளோ ஜெபம் முடிந்து, சொந்தக்காரர் எல்லாரும் ஊர் திரும்பி, வீடு வெறிச்சோடும் சமயம்தான் சரி.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள். வாசிப்புக்குப் பத்து நிமிடம், ஒரே பகுதியை இரண்டு குரலில் இரண்டு தடவை. பிறகு ஐந்து நிமிடம் மௌனம்; இதைக் கடிகாரம் பார்த்துக் காக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றரை நிமிடத்தில் யாராவது பாட்டு எடுத்துவிடுவார்கள். பேச்சுக்கு இருபத்தைந்து, எழுத்துக்குப் பத்து, ஜெபத்துக்குப் பத்து. ஜெபத்தில் அன்று வாசித்த பகுதியையே திரும்ப வாசித்தால் போதும். நீண்ட ஜெபம் ஏறெடுக்கும் பிரதர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எழுத்துப் பயிற்சிக்கு முதல் வாரம் சங்கீதம் 13இன் நான்கு உறுப்பு. தாளை நான்காக மடித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும். இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்: "ஒரு வரியாவது நம்பிக்கையாக எழுதுங்கள்" என்று தள்ளுவார்கள். எழுதுகிறவர் உங்களுக்காக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து உண்மை பேசமாட்டார். சங்கீதம் 88 இருப்பதே அந்தக் காலிக் கட்டத்துக்காகத்தான்.

நான்காம் வாரம் புலம்பலுக்கு அகரவரிசைப் பயிற்சி நன்றாக வரும். அ முதல் ஔ வரை பன்னிரண்டு வரி. எழுத்து ஒரு பிடிமானம் கொடுக்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவருக்கு "அ" இருக்கிறது, நிறுத்தத் தெரியாதவருக்குக் கடைசி எழுத்து இருக்கிறது. ஔவில் மாட்டிக்கொள்வார்கள். விட்டுவிடச் சொல்லுங்கள், புலம்பல் ஐந்தாம் அதிகாரமே வரிசையை விட்டுவிட்டதுதானே. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வாசிக்க விரும்பினால் வாசிக்கட்டும், பிறகு யாரும் கருத்துச் சொல்லக் கூடாது.

வாரங்களின் வரிசை: சங்கீதம் 13, யோபு 1-3, சங்கீதம் 88, புலம்பல் 1ம் 3:1-33ம், யோவான் 11:17-44, ரோமர் 8:18-39 முழுதாக. ஐந்தாம் வாரத்தை அவசரப்படுத்தாதீர்கள். மார்த்தாளும் மரியாளும் வார்த்தைக்கு வார்த்தை ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் (21, 32). மார்த்தாளுக்கு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளுக்குப் பிரசங்கம் இல்லை, கண்ணீர்தான். இன்னும் சில நிமிடத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அழுகிறார். ஒரே கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில். குழுவில் "நான் மார்த்தாளா மரியாளா" என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள், நீங்கள் தூண்ட வேண்டாம்.

சின்ன விஷயங்கள்: அழுகிறவர் கையில் டிஷ்யூவைத் திணிக்காதீர்கள், போதும் நிறுத்து என்று சொல்வது போல ஆகும், எட்டும் இடத்தில் வைத்தால் போதும். கதவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கட்டும். அடுத்த வாரப் பகுதியை இந்த வாரமே சொல்லிவிடுங்கள், அதைத் தாங்க முடியாதவர் வராமல் இருக்க உரிமை வேண்டும்.

ஒன்றை மட்டும் பாடமாக்கிச் சமாளிக்கக் கூடாது. யாராவது "நானும் போய்விடலாம் போலிருக்கிறது" என்றால் வசனம் தேடாதீர்கள். தற்கொலை எண்ணமா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள். இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டும் அரசு மனநல உதவி எண்கள். 1 இராஜாக்கள் 19இல் எலியா "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது தூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், பிறகு தூக்கம், பிறகு மறுபடியும் சாப்பாடு. கர்த்தர் பேசிய மெல்லிய சத்தம் அதற்கு வெகு தூரம் பின்னால், ஓரேப் மலையில். மாதக்கணக்கில் சாப்பாடு தூக்கம் இல்லாமல் ஒருவர் அப்படியே உறைந்து நின்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடும் துக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரே உண்டு.

ஜெபக்குழு_தூத்துக்குடி:

அனைவருக்கும் நன்றி. எண்ணாகமம் 11ஐ மூப்பரிடம் கொண்டுபோகிறேன். இரண்டு சந்தேகம் மிச்சம். நான்காம் வாரம் வரை இருட்டாகவே போகிறதே, அதற்குள் ஆட்கள் நின்றுவிடமாட்டார்களா? ஒப்பாரி பற்றி யாரும் சொல்லவில்லையே.

பனங்காட்டுக்காரி:

ஒப்பாரிக்கு நான் வருகிறேன்.

தடுக்கிறவர்கள் எடுப்பது 1 தெசலோனிக்கேயர் 4:13. வசனத்தை முழுதாகப் படியுங்கள்: "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கியாதபடிக்கு. துக்கத்துக்கு அங்கே தடையில்லை. எப்படிப்பட்ட துக்கம் என்பதில்தான் பேச்சு. தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து செத்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்று பிலிப்பியர் 2:27இல் எழுதுகிறவரும் பவுல்தான். கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானை அடக்கம் செய்த தேவபக்தியுள்ளவர்கள் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் 8:2 சொல்கிறது. பரலோகம் திறந்திருந்ததை அவன் கண்டு சொன்ன பிறகும் அழுதார்கள்.

எரேமியா 9:17-20ஐப் பாருங்கள். புலம்பற்காரிகளை வரவழையுங்கள், அதில் பழகின ஸ்திரீகளைக் கூப்பிடுங்கள் என்று கர்த்தரே சொல்லுகிறார். உங்கள் குமாரத்திகளுக்கும் கற்றுக்கொடுங்கள் என்றும் வருகிறது. அது ஒரு கலை, கற்றுக்கொடுக்கிற கலை. நம் ஊர்ப் பெண்களுக்கு இது புரிய விளக்கவுரை தேவையில்லை.

2 சாமுவேல் 1:19-27, சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடிய புலம்பல். செத்தவனைப் பெயர் சொல்லி நேரே கூப்பிடுகிறது, கழுகைவிட வேகம் சிங்கத்தைவிட பலம் என்று புகழ்கிறது, விழுந்துபோனார்கள் என்ற பல்லவி மூன்று முறை திரும்புகிறது, "உனக்காக நான் வியாகுலப்படுகிறேன்" என்று தன் வெறுமைக்கு வருகிறது. ஒப்பாரியின் அமைப்பு அப்படியே. இதில் தேவனுடைய பெயர் ஒரு இடத்திலும் இல்லை! அதனால் வீட்டில் ஒரு கிழவி "என் ராசாவே" என்று எடுத்தால், இதில் ஆண்டவர் பெயர் வரவில்லையே என்று தடுக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது வேறு: சில ஒப்பாரிகளில் மருமகளையோ மாமியாரையோ குத்தும் வரிகள் வரும், விதவையைச் சபிக்கும் வரிகள் வரும். அதைத் தடுங்கள், பாட்டை விடுங்கள்.

எபிரெயம்_கற்பவன்:

இருட்டாகப் போகிறதே என்பதற்கு: யூதர்கள் புலம்பலைத் தங்கள் நாட்காட்டியின் ஆப் மாதம் 9ஆம் நாள், எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைக்கும் நாளின் இரவில், தரையிலோ தாழ்ந்த இருக்கையிலோ உட்கார்ந்து வாசிக்கிறார்கள். கடைசி வசனம் கசப்பாக முடிவதால் அதற்கு முந்தின 5:21ஐத் திரும்பச் சொல்லி முடிப்பார்கள், 5:22ஐ அழித்துவிடவில்லை. புலம்பல் 1ஆம் அதிகாரத்தில் "தேற்றுவார் இல்லை" என்ற குரல் ஐந்து முறை வரும். புத்தகம் முழுக்கக் கர்த்தர் நேரடியாகப் பதில் பேசவில்லை. "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்ற ஏசாயா 40ஐ அந்த நாளிலேயே வாசிக்காமல் அடுத்த ஓய்வுநாளுக்கு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து தொடர்ந்து ஏழு வாரம் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள். அழுகைக்கு ஒரு நாள், தேற்றுதலுக்கு ஏழு வாரம், ஆனால் வரிசை மாறாது. நீங்களும் நான்காம் வாரக் கடைசியில் 5:21ஐச் சேர்ந்து வாசித்து அனுப்பலாம்.

சாம்பல்மேடு அவர்களிடம் ஒரு சின்ன மறுப்பு. நண்பர்கள் சொன்னது அத்தனையும் தள்ளுபடி என்று வைத்துக்கொள்ள முடியாது. 1 கொரிந்தியர் 3:19இல் பவுல் எடுப்பது எலிப்பாசின் வார்த்தை, யோபு 5:13. 

சாம்பல்மேடு:

ஒத்துக்கொள்கிறேன், அழகான பிடி. அப்படியானால் இப்படிச் சொல்கிறேன்: அவர்களுடைய வார்த்தைகளில் பல வகுப்பறையில் சரி, சாம்பல்மேட்டில் தவறு. யோபுவே 16:2இல் அவர்களை அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர் என்கிறான், பொய்யர் என்று மட்டும் நிறுத்தவில்லை. 8:7க்கு என் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது.

மன்னார்_வாசகன்:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. புனித வாரத்தின் கடைசி மூன்று நாட்களில் புலம்பலைப் பாடும் பழைய வழிபாட்டில் ஆலேப், பேத் என்ற எபிரெய எழுத்துப் பெயர்களையும் ராகம் போட்டுப் பாடுவார்கள், அர்த்தமில்லாத அந்த எழுத்துதான் மனதை அறுக்கும். இலங்கையில் எங்களுக்கு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் (இறப்பு 1742) வியாகுல பிரசங்கம் இருக்கிறது. தவக்காலத்தில் ஒப்பாரி ராகத்தில்தான் போகும். பனங்காட்டுக்காரி சொன்னதற்கு இது துணை. வாசிப்புக்கு 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இளையவர்களுக்குப் பழைய நடை புரியாத இடங்களில் உதவும். ஆனால் முதல் வாசிப்பு அவர்கள் காதுக்குப் பழகிய நடையிலேயே இருக்கட்டும்.

ஜெபக்குழு_தூத்துக்குடி:

மிகவும் பிரயோஜனமாக இருந்தது. கடைசியாக ஒன்று: ஆறாவது வாரம் ரோமர் 8 மட்டும் போதுமா, யோபு 42ஐ எங்கே வைப்பது? "இரண்டத்தனையாய்த் தந்தார்" என்பதை வைத்துத்தான் பலரும் சாட்சி சொல்ல ஆரம்பிப்பார்கள், அதுதான் பயம்.

சாம்பல்மேடு:

பயம் நியாயம். கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஆடு 7000 இருந்தது 14000 ஆனது. ஒட்டகம் 3000, 6000. ஏர்மாடு 500 ஜோடி, 1000 ஜோடி. கழுதை 500, 1000. பிள்ளைகள் மட்டும் ஏழு மகன், மூன்று மகள். மறுபடியும் ஏழும் மூன்றும்தான், இருபதாகவில்லை. போன பிள்ளைக்கு ஈடு கணக்கு அந்தப் புத்தகத்தில் கிடையாது.

42:10ஐ விட 42:11ல் அதிக நேரம் செலவிடுங்கள். கர்த்தர் பேசி முடித்துவிட்டார், யோபு வழக்கை விட்டுவிட்டான். அதன் பிறகும் சகோதர சகோதரிகளும் பழக்கமானவர்களும் வந்து அவன் வீட்டில் போஜனம் பண்ணி, அவனுக்காக அங்கலாய்த்து, ஆறுதல் சொல்கிறார்கள். ஆளுக்கு ஒரு காசும் ஒரு பொன் ஆபரணமும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தேவனே பேசிய பிறகும் அவனுக்கு மனுஷர் வந்து தேற்றவேண்டியிருந்தது.

அதனால் ஆறாம் வாரத்தைக் கூட்டமாக வைக்காமல் சாப்பாடாக வையுங்கள். ரோமர் 8ஐ இலை போடுவதற்கு முன் வாசித்துவிடலாம். புற்றுநோய் வீட்டில் ஆஸ்பத்திரிக் கடன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாராவது ஒருவர் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உறையில் போட்டு வைத்திருங்கள். கூட்டத்தில் கொடுக்க வேண்டாம், வாசல்வரை வழியனுப்பும்போது கொடுங்கள்.